படத்தொகுப்புக் கலைஞர் எஸ்பிர் ஷூப்

பூக்களைப் பறிப்பவர் ஒருவர். அவற்றை மாலையாகத் தொடுப்பவர் மற்றொருவர். தோட்டத்தில் பூத்த மலர் எத்துணை அழகுடையதாயினும், இன்ன மலரை அடுத்து இன்ன மலர் வரவேண்டும் என்று தெரிந்து தொடுக்கும் கை இல்லையேல் மாலை இல்லை. மாலையைக் காண்போர் மலரின் நிறத்தைப் புகழ்வர், மணத்தைப் புகழ்வர், தொடுத்த கையை நினைப்பவர் மிகச் சிலரே. திரைப்படக் கலையிலும் இத்தகைய கை ஒன்று உண்டு. அதுவே படத்தொகுப்பாளரின் கை. நடிப்பவரை உலகம் அறியும், பாடுபவரை அறியும், படத்தை இயக்குபவரையும் அறியும். இருண்ட அறையில் அமர்ந்து, படச்சுருளை வெட்டியும் ஒட்டியும் அதற்கு உயிரூட்டுபவரை உலகம் எளிதில் அறிவதில்லை. அங்ஙனம் மறைந்து நின்ற தொழிலுக்கு மதிப்புத் தேடித் தந்தவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ரஷ்ய நாட்டுப் பெண்மணியாகிய எஸ்பிர் ஷூப். பிறர் எடுத்து, பயன் முடிந்ததென்று மறந்துவிட்ட பழம் படச்சுருள்களைக் கொண்டே ஒரு பேரரசின் வீழ்ச்சியைத் திரையில் எழுதிக் காட்டியவர் அவர்.

இளமை

எஸ்பிர் ஷூப் 1894ஆம் ஆண்டு சூராஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் ரஷ்யப் பேரரசின் செர்னிகோவ் மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. யூதக் குடும்பத்தில் தோன்றிய அவர், இலக்கியத்தில் கொண்ட ஆர்வத்தால் மாஸ்கோ நகரம் சென்று கற்றார். அவர் இளமைப் பருவம் ரஷ்ய நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. 1917ஆம் ஆண்டு பிப்ரவரிப் புரட்சியில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸ் முடி துறந்தார். அவ்வாண்டிலேயே அக்டோபர்ப் புரட்சி நிகழ்ந்து, லெனின் தலைமையில் புதிய ஆட்சி ஏற்பட்டது.

புதிய ஆட்சியில் கல்வித்துறையின் நாடகப் பிரிவில் எஸ்பிர் ஷூப் அலுவல் ஏற்றார். புதுமை நாடகங்களால் புகழ்பெற்ற மேயர்ஹோல்டு, கவிஞர் மாயகோவ்ஸ்கி போன்றோர் நடமாடிய சூழல் அது. கலையைப் பற்றிய வாதங்கள் இரவு பகலாக நடந்த அவ்விடம் அவருக்கு மற்றொரு பள்ளியாயிற்று. எனினும், அவருள்ளம் நாடக மேடையைவிடத் திரைப்படத்தையே நாடியது. 1922ஆம் ஆண்டில் அரசின் திரைப்பட நிறுவனத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

வெட்டும் மேசையே பள்ளி

அவருக்கு அங்குக் கிடைத்த வேலை பெருமைக்குரியதாகத் தோன்றவில்லை. அயல்நாடுகளிலிருந்து வரும் ஊமைப்படங்களைச் சோவியத்து மக்கள் காண்பதற்கு ஏற்றவாறு வெட்டிச் சுருக்குவதும், இடையிடையே தோன்றும் எழுத்துகளை ரஷ்ய மொழியில் அமைப்பதுமே அவ்வேலை. அமெரிக்கப் படங்களும் ஜெர்மானியப் படங்களும் பெட்டி பெட்டியாக வந்தன. சில படங்கள் முழுமையாக வந்தன. சில, பகுதிகள் குறைந்து முன்பின் தெரியாத நிலையில் வந்தன. அவற்றையெல்லாம் மேசைமேல் விரித்து, ஒளியில் உயர்த்திப் பார்த்து, கத்தரிக்கோலால் நறுக்கி, பசையால் ஒட்டிப் புதிய ஒழுங்கில் அமைத்தார் ஷூப். ஏறத்தாழ இருநூறு அயல்நாட்டுப் படங்கள் அவர் கைவழியே சென்றன.

பிறர் இதனைக் கூலிவேலை என்று கருதியிருப்பர். ஷூப் இதனைக் கல்வியாகக் கொண்டார். ஒரு காட்சியை எவ்வளவு நேரம் காட்டினால் மனத்தில் பதியும், எவ்விடத்தில் வெட்டினால் ஓட்டம் தடைப்படாது, இரண்டு காட்சிகளை இடம் மாற்றினால் பொருள் எவ்வாறு மாறும் என்பனவற்றை அவர் நாள்தோறும் கண்கூடாகக் கண்டார்.

தொகுப்பின் ஆற்றல் எத்தகையது என்பதைக் குலெஷோவ் என்னும் ரஷ்ய இயக்குநர் அக்காலத்திலேயே ஒரு சோதனையால் விளக்கியிருந்தார். எவ்வுணர்ச்சியும் காட்டாத நடிகர் ஒருவரின் முகத்தை எடுத்து, அதனை ஒருமுறை உணவுக் கிண்ணத்தை அடுத்தும், ஒருமுறை பிணப்பெட்டியை அடுத்தும் அவர் ஒட்டிக் காட்டினார். முகம் அதே முகந்தான். ஆயினும், கண்டவர்கள் முதற்கண் அம்முகத்தில் பசியையும், பின்னர்த் துயரத்தையும் கண்டதாக எண்ணினார்கள். காட்சிக்குள் இருக்கும் பொருள் பாதி. காட்சிகளின் சேர்க்கையால் பிறக்கும் பொருள் பாதி என்பது இதனால் விளங்கும். இவ்வுண்மையை ஷூப் ஏட்டிலிருந்து கற்கவில்லை. தம் கைகளாலேயே கற்றார்.

ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் இரண்டு பகுதிகளாக எடுத்திருந்த டாக்டர் மபூசே என்னும் நீண்ட படத்தை ஒரே படமாகச் சுருக்கும் பணி 1924ஆம் ஆண்டில் அவரிடம் வந்தது. அப்போது இளைஞர் ஒருவர் அவருடன் அமர்ந்து, வெட்டுவதையும் ஒட்டுவதையும் கூர்ந்து கவனித்தார், தாமும் கைகொடுத்தார். அவ்விளைஞர்தாம் பிற்காலத்தில் போர்க்கப்பல் பொட்டம்கின் என்னும் படத்தால் உலகப் புகழ் எய்திய ஐசன்ஸ்டீன். பேரறிஞர் ஒருவர் படத்தொகுப்பின் முதற்பாடங்களைக் கற்ற இடங்களுள் ஷூப்பின் மேசையும் ஒன்றாக விளங்கியது. இருவரிடையே அரும்பிய நட்பு நெடுநாள் நிலைத்தது.

புதிய எண்ணம்

1925ஆம் ஆண்டின் இறுதியில் பொட்டம்கின் படம் வெளிவந்தது. அதனைக் கண்ட ஷூப்பின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. நடிகர்களைக் கொண்டு புரட்சியை நடித்துக் காட்டலாம், அது கலையே. ஆயினும், உண்மையாக நிகழ்ந்தபோதே எடுக்கப்பட்ட படங்கள் எங்கேனும் இருக்குமல்லவா? அரசரின் ஊர்வலங்களையும், போர்க்களங்களையும், தெருவில் திரண்ட மக்களையும் படம்பிடித்தவர்கள் இருந்திருப்பார்களே! அச்சுருள்களையெல்லாம் தேடி ஒன்றுசேர்த்தால், வரலாறே தன் கதையைச் சொல்லுமன்றோ?

இவ்வெண்ணத்தை அவர் நிறுவனத்தாரிடம் எடுத்துரைத்தபோது உடனே வரவேற்புக் கிடைக்கவில்லை. பழைய செய்திப்படத் துண்டுகளைக் கொண்டு முழுநீளப் படம் ஒன்றை ஆக்க முடியும் என்பது அந்நாளில் எளிதில் நம்பத்தக்கதாக இல்லை. ஷூப் தளரவில்லை. மாஸ்கோவிலிருந்த புரட்சி அருங்காட்சியகம் அவருக்குத் துணை நின்றது. முடிவில் இசைவு கிடைத்தது. பிப்ரவரிப் புரட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவுக்குள் படத்தை முடிக்க வேண்டும் என்று உறுதி செய்யப்பட்டது.

நிலவறையில் ஒரு தேட்டம்

1926ஆம் ஆண்டுக் கோடையில் அவர் லெனின்கிராடு நகரம் சென்றார். ஜார் மன்னர் காலத்தில் தலைநகராக விளங்கியதும், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று வழங்குவதும் அந்நகரமே. போர்க்காலத்துச் செய்திப்படங்களும் புரட்சிக்கு முற்பட்ட படங்களும் அங்கு ஈரம் கசியும் ஒரு நிலவறையில் குவிந்து கிடந்தன. தகரப் பெட்டிகளில் துரு ஏறியிருந்தது. படச்சுருளின்மேல் பூசப்பட்ட மருந்து பல இடங்களில் ஈரத்தால் உரிந்து போயிருந்தது. பட்டியலில் பெயர் இருக்கும்; பெட்டியைத் திறந்தால் படம் இராது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. நாளடைவில் தானே சிதைந்து பொடியாவது. அவற்றைக் கையாள்வதற்குப் பொறுமையும் விழிப்பும் ஒருங்கே வேண்டும்.

பிப்ரவரிப் புரட்சியைக் காட்டும் படம் ஒரு மீட்டர்கூட அந்நகரில் இல்லை என்று அங்கிருந்தோர் எழுத்து மூலமாகவே தெரிவித்தனர். ஷூப் அதனை நம்பித் திரும்பிவிடவில்லை. பெட்டி பெட்டியாகத் திறந்தார். சுருள் சுருளாகப் பார்த்தார். இல்லை என்று சொல்லப்பட்ட காட்சிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அரச குடும்பத்திற்காகவே எடுக்கப்பட்ட படங்களும் அவர் கைக்கு எட்டின.

இரண்டு திங்களில் அவர் பார்த்து முடித்த படச்சுருளின் நீளம் 60,000 மீட்டர். அதனை இடைவிடாது திரையில் ஓட்டினால், ஏறத்தாழ இரண்டு பகலும் இரண்டு இரவும் ஓடும். ஷூப் அதனை வெறுமனே ஓட்டிப் பார்க்கவில்லை. இது எங்கே எடுக்கப்பட்டது, எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது, திரையில் நிற்பவர் யாவர் என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து அறிய வேண்டியிருந்தது. அவற்றிலிருந்து 5,200 மீட்டரைத் தேர்ந்தெடுத்து மாஸ்கோவிற்குக் கொண்டுவந்தார். முடிவில் படத்தில் இடம்பெற்றது ஏறத்தாழ 1,500 மீட்டர் மட்டுமே. நாற்பது மீட்டர் பார்த்து ஒரு மீட்டரைக் கொண்டவர் அவர். கொள்வதற்கு வேண்டிய அறிவினும் தள்ளுவதற்கு வேண்டிய அறிவு பெரிது என்பதை இதனால் உணரலாம்.

ஒரு பேரரசின் வீழ்ச்சி

ரோமனோவ் மரபின் வீழ்ச்சி என்னும் அப்படம் 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியாயிற்று. ரோமனோவ் மரபினர் அரசுகட்டில் ஏறிய முந்நூறாம் ஆண்டு விழா 1913ஆம் ஆண்டில் பெருஞ்சிறப்புடன் கொண்டாடப்பட்டது. அவ்விழாவின் ஊர்வலங்கள் படத்தில் வருகின்றன. மன்னரும் அரசியும் நடந்து செல்கின்றனர், குருமார் வாழ்த்துகின்றனர், படைத்தலைவர்கள் பதக்கங்கள் ஒளிர நிற்கின்றனர். மற்றொரு பக்கத்தில் உழவரின் குடிசைகளும் தொழிலாளரின் வறுமையும் தோன்றுகின்றன. பின்னர்ப் போர் வருகிறது. மாண்டவர்களின் உடல்கள் வருகின்றன. இறுதியில் மக்கள் வெள்ளம் தெருவில் திரள்கிறது.

இப்படத்தில் பலரும் எடுத்துரைக்கும் பகுதி ஒன்று உண்டு. கப்பலின் மேல்தட்டில் பந்தலின் நிழலில் சீமான்களும் சீமாட்டிகளும் மசூர்க்கா என்னும் நடனம் ஆடுகின்றனர். ஆடிக் களைத்து வியர்வையைத் துடைத்துக் கொள்கின்றனர். அடுத்த காட்சியில், மண்வெட்டி பிடித்த ஏழைத் தொழிலாளர் பள்ளம் தோண்டுகின்றனர், அவர்களும் வியர்க்கின்றனர். அங்கும் வியர்வை, இங்கும் வியர்வை. ஆனால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. நடனத்தைப் படம்பிடித்தவர் சீமான்களின் பெருமையைக் காட்டவே பிடித்தார். ஷூப் அதில் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. அதன் அருகில் மற்றொரு காட்சியை வைத்தார், அவ்வளவே. பெருமைக்காக எடுக்கப்பட்ட படம் அப்பெருமைக்கே எதிரான சான்றாக மாறியது.

அக்காலத்தில் காட்சிகளை மின்னல்போல் விரைந்து மாற்றுவதைச் சிலர் பெருந்திறமையாகக் கருதினர். ஷூப் அவ்வழியை விரும்பவில்லை. பார்ப்பவர் ஒவ்வொரு முகத்தையும் நின்று நோக்க வேண்டும். நோக்கிய பின் தாமே சிந்திக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலால், காட்சிகளை அவர் நெடிதாக விட்டுவைத்தார். தம் திறமை வெளித்தெரிவதைவிட நிகழ்ச்சியின் உண்மை வெளித்தெரிவதே தக்கது என்று அவர் எண்ணினார்.

உரிமை யாருக்கு?

படம் மக்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றது. ஆயினும், ஷூப்பிற்கு ஒரு சோதனை காத்திருந்தது. படத்தின் ஆசிரியர் என்னும் உரிமையையும் அதற்குரிய ஊதியத்தையும் அவருக்கு வழங்க நிறுவனத்தார் மறுத்தனர். அவர் ஒரு காட்சியைக்கூடத் தாமே எழுதவில்லை. பிறர் எடுத்தவற்றை வெட்டி ஒட்டியவர் எங்ஙனம் ஆசிரியர் ஆவார் என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால், சொற்கள் எல்லாம் அகராதியில் முன்பே உள்ளன என்பதற்காகக் கவிஞரைக் கவிஞர் அல்லர் என்று எவரும் சொல்வதில்லை. துருப்பிடித்த பெட்டிகளில் அச்சுருள்கள் பத்தாண்டுகள் கிடந்தன. அவற்றில் வரலாறு இருப்பதை எவரும் காணவில்லை. கண்டவர் ஷூப் ஒருவரே. கவிஞர் மாயகோவ்ஸ்கி 1927ஆம் ஆண்டில் திரைப்படத் துறையைப் பற்றி நடந்த விவாதக் கூட்டத்தில் இவ்வநீதியை எடுத்துக்காட்டி அவருக்காகப் பரிந்து பேசினார். படத்தொகுப்பும் படைப்பே என்னும் கருத்து வலுப்பெற இப்பூசல் காரணமாயிற்று.

அடுத்தடுத்த படைப்புகள்

ஷூப் ஓய்ந்திருக்கவில்லை. அக்டோபர்ப் புரட்சியின் பத்தாண்டு நிறைவுக்காகப் பெரும்பாதை என்னும் படத்தை 1927ஆம் ஆண்டிலேயே உருவாக்கினார். லெனினைக் காட்டும் அரிய காட்சிகள் சில அமெரிக்காவில் இருந்தன. அவையும் விலைக்குப் பெறப்பட்டு இப்படத்தில் இடம்பெற்றன.

1928ஆம் ஆண்டு எழுத்தாளர் டால்ஸ்டாய் பிறந்த நூறாம் ஆண்டு. அதனையொட்டி அவரைப் பற்றிய படம் ஒன்றை ஆக்க ஷூப் முனைந்தார். டால்ஸ்டாய் 1910ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் முதுமையில் எடுக்கப்பட்ட சில காட்சிகளும் அவருடைய இறுதி நாள்களைப் பற்றிய காட்சிகளுமே எஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு முழுப்படம் ஆக்குதல் இயலாது. எனவே, டால்ஸ்டாய் வாழ்ந்த காலத்து ரஷ்யாவையே அவரைச் சூழ அமைத்து, இரண்டாம் நிக்கோலாசின் ரஷ்யாவும் லியோ டால்ஸ்டாயும் என்னும் படமாக வெளியிட்டார். அரண்மனையின் ஆரவாரம் ஒருபுறம்; அதனை வெறுத்து எளிய உடையில் நடந்த முதியவர் மறுபுறம். இல்லாமையே இங்குப் புதிய வழியைத் திறந்தது.

பேசும்படம் வந்தபோது பலர் மலைத்தனர். ஷூப் அதனையும் துணிந்து ஏற்றார். 1932ஆம் ஆண்டில் நாட்டின் மின்மயமாக்கத்தைப் பற்றி அவர் ஆக்கிய படத்தில், நீப்பர் ஆற்றில் அணை எழும் ஓசையையும், தொழிற்கூடங்களின் இரைச்சலையும், தொழிலாளரின் பேச்சையும் அவ்வவ்விடங்களிலேயே பதிவு செய்தார். பேசத் தெரியாது தயங்குபவரின் தயக்கத்தையும் வெட்டாமல் விட்டார். திருத்தமான பேச்சைக் காட்டிலும் இயல்பான தயக்கம் உண்மைக்கு நெருங்கியது என்று அவர் கருதினார்.

ஸ்பெயின் நாட்டில் 1936ஆம் ஆண்டு மூண்ட உள்நாட்டுப் போரைக் கார்மென், மக்கசேயெவ் என்னும் படப்பிடிப்பாளர்கள் களத்தில் நின்று படம்பிடித்தனர். அவர்கள் அனுப்பிய படங்களைத் தொகுத்து ஸ்பெயின் என்னும் படத்தை 1939ஆம் ஆண்டில் ஷூப் உருவாக்கினார். அடுத்த ஆண்டில், புடோவ்கின் என்னும் புகழ்வாய்ந்த இயக்குநருடன் சேர்ந்து சோவியத்துத் திரைப்படத்தின் இருபதாண்டு வரலாற்றைத் தொகுத்தார். திரைப்படக் கல்லூரியில் ஐசன்ஸ்டீன் நடத்திய வகுப்பில் மாணவர்களுக்குப் படத்தொகுப்புக் கலையைக் கற்பித்தார். இரண்டாம் உலகப்போரின் காலத்தில் செய்திப்படப் பணியில் ஈடுபட்டார்.

நிறையும் குறையும்

ஷூப்பின் வாழ்வு இடையறாத வெற்றியன்று. பெண்களின் நிலையைப் பற்றி அவர் விரிவாக எழுதித் திட்டமிட்ட படம் எடுக்கப்படாமலே நின்றுவிட்டது. ஆட்சியின் கட்டுப்பாடு ஆண்டுதோறும் இறுகிய அக்காலத்தில், கலைஞர் விரும்பியவாறெல்லாம் படைக்க இடமில்லை. அவருடன் முற்காலத்தில் பணியாற்றிய மேயர்ஹோல்டு 1940ஆம் ஆண்டில் அரசினரால் கொல்லப்பட்டார்.

ஷூப்பின் படங்களும் ஆட்சியின் நோக்குக்கு உடன்பட்டவையே. ஜார் ஆட்சியின் குறைகளைக் காட்டிய அவர் கத்தரிக்கோல், புதிய ஆட்சியின் குறைகளைக் காட்டவில்லை. காட்சி உண்மையாயினும், அதனை அடுத்து வைப்பது எது என்பதில் தொகுப்பவரின் கருத்து அடங்கியுள்ளது. ஆகவே, செய்திப்படம் காண்போர் எதைக் காட்டுகின்றனர் என்று நோக்குவதோடு, எதனருகில் எதை வைத்துக் காட்டுகின்றனர், எதனை விட்டுவிட்டனர் என்றும் நோக்குதல் வேண்டும். இவ்விழிப்பைத் தருவதற்கும் ஷூப்பின் படங்களே சிறந்த பாடமாக உள்ளன.

இறுதிக் காலம்

தம் அனுபவங்களை அவர் நூலாக எழுதினார். அந்நூல் 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் அவர் மாஸ்கோவில் காலமானார்.

செய்திப்படங்களை அன்றன்று காட்டிவிட்டு எறிந்துவிடலாகாது. அவை வருங்காலத்தாருக்குரிய ஆவணங்கள். முறையாகக் காக்கப்பட வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். இன்று உலகெங்கும் படக்காப்பகங்கள் உள்ளன. பழைய காட்சிகளைத் தேடித் தொகுத்து வரலாற்றைக் கூறும் ஆவணப்படங்கள் நாள்தோறும் வெளிவருகின்றன. படச்சுருள் போய்க் கணிப்பொறி வந்துவிட்டது; கத்தரிக்கோலும் பசையும் மறைந்துவிட்டன. ஆயினும், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எதனை எதனோடு சேர்ப்பது என்னும் மூன்று வினாக்களும் தொகுப்பவர்முன் இன்றும் நிற்கின்றன.

ஈர நிலவறையில் துருப்பிடித்த பெட்டிகளைத் திறந்து, இல்லை என்று சொல்லப்பட்டதை உண்டு என்று காட்டிய அப்பெண்மணி, தாமாக ஒரு மலரையும் படைக்கவில்லை. வாடிக் கிடந்தவற்றைப் பொறுக்கி எடுத்துத் தொடுத்தார். அம்மாலை இன்றும் வாடாமல் இருக்கிறது.